அண்டிரிக் அடிகளாரும் நம்ம கமெண்ட் வரிகளும்

சி புரோகிராமில் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு நாம் எழுதும் கமெண்டுக்கும், நானூறு வருஷத்துக்கு முன்னால் புன்னைக்காயலில் இருந்த ஒரு பாதிரியாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

அவர் பெயர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். நம்ம கரையில் அண்டிரிக் அடிகளார் என்றால்தான் தெரியும். 1520-ல் போர்ச்சுகலில் பிறந்தார். யூத வம்சத்தில் வந்தவர் என்பதற்காகவே, முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையை விட்டு விலக வேண்டி வந்தது. பிறகு சேசு சபையில் சேர்ந்து 1546-ல் கோவாவுக்குக் கப்பலேறி வந்தார். மறுவருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். உடம்புக்கு அடிக்கடி முடியாமல் போகும். ஆனாலும் சாகும்வரை நம்ம பக்கம்தான்.

அவருக்கு முன் வந்தவர்கள் துபாஷியை நம்பித்தான் காலம் தள்ளினார்கள். விளைவைப் பாருங்கள்: ஜெபத்தில் விசுவாசம் என்று வர வேண்டிய இடத்தில் ஜனங்கள் 'வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-ல் பிரான்சிஸ் சேவியர்தான் அதைத் திருத்தச் சொன்னார். கம்பைல் ஆகிறது, ஓடுகிறது, விடை மட்டும் தப்பு. நாம் லாஜிக் எரர் என்கிறோமே, அதேதான்!

அண்டிரிக் அடிகளார் துபாஷியை விட்டுவிட்டுத் தானே தமிழ் படித்தார். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தனக்குப் பின் போர்ச்சுகலிலிருந்து வரப்போகிறவர்களுக்காக, 1549 வாக்கில் ஒரு தமிழ் இலக்கணமே எழுதி வைத்தார். தமிழ்ச் சொல் ஒரு பக்கம், போர்த்துக்கீசிய விளக்கம் ஒரு பக்கம். தமிழ் பேசுகிறவனுக்கு அந்த விளக்கம் தேவையே இல்லை. புதிதாக வருகிறவனுக்கு அதுதான் கைப்பிடி.

கமெண்டும் அப்படித்தான். கம்பைலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நமக்குப் பின் அந்த புரோகிராமைத் திறக்கிறவனுக்குத்தான் அது. உப்பு லாரி எடை போடும் புரோகிராமில் மொத்த எடையிலிருந்து 8200-ஐக் கழிக்கிறோம் என்று வையுங்கள். பக்கத்தில் '8200-ஐக் கழி' என்று எழுதினால் என்ன பிரயோஜனம்? அதுதான் வரியிலேயே இருக்கிறதே! 'காலி லாரியின் எடை, கிலோவில்' என்று எழுதுங்கள். நாளைக்கு வேறு லாரி வந்தால் எதை மாற்ற வேண்டும் என்று அவனுக்கே தெரியும். எண்ணை மாற்றும்போது கமெண்டையும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பொய் சொல்லும்.

எங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். லேப் ரெக்கார்டு என்றால் என்ன என்று சொல்லக்கூட வீட்டில் ஆள் கிடையாது. சீனியர்கள் விட்டுப்போன புரோகிராமில் ஒரு வரி விளக்கம் கிடைத்தாலும் அண்ணன் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிற மாதிரி இருக்கும். அதனால்தான் அடிகளார் மேல் எனக்குத் தனி மரியாதை.

பிறகு 1578-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவிலேயே அச்சான முதல் புத்தகம் அது. ஊரில் எல்லாரும் பெருமையாகச் சொல்வது இதைத்தான். எனக்கென்னவோ அச்சேறாத அந்த இலக்கணம்தான் பெரிசாகப் படுகிறது.

1600-ல் அவர் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். அவர் இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2013-ல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. மொழிபெயர்த்த இருவரில் ஒருவர் வி. எஸ். ராஜம், நம்ம தமிழர்.