ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ்

ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் சென்னையில் வாழ்ந்த கோர்சிக்கத் தீவினர்; விடுதி உரிமையாளர். 1910 மார்ச்சில், தாமே வடிவமைத்த வானூர்தியைச் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் பறக்கவிட்டார். இந்தியாவில் இயந்திர ஆற்றலால் நிகழ்ந்த முதல் பறப்பு இதுவே எனச் சென்னை வரலாற்று ஆர்வலர் பலர் கருதுகின்றனர்.

வாழ்க்கை

இவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) உணவு, இனிப்புப் பண்ட வணிகம் நடத்தினார். ஆம்ப்தில் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது (1900-1906) ஆளுநர் மாளிகை விருந்துகளுக்கு உணவு வழங்கும் பொறுப்பு இவரிடம் இருந்தது. பின்னர் அதே சாலையில் தம் பெயரிலேயே விடுதி ஒன்றை அமைத்தார். மின்தூக்கி, மின்விசிறி, பனிக்கட்டி தயாரிப்பு முதலிய வசதிகளுக்கு அவ்விடுதி பெயர் பெற்றது. இயந்திரங்களோடு அன்றாடம் புழங்கிய ஒரு வணிகர் வானூர்தியில் நாட்டம் கொண்டதில் வியப்பில்லை.

வானூர்தி

1909 சூலை 25 அன்று பிரான்சின் லூயி பிளேரியோ 25 குதிரைத்திறன் கொண்ட அன்சானி பொறியின் துணையுடன் ஆங்கிலக் கால்வாயைச் சுமார் 37 நிமிடங்களில் கடந்தார். அவரிடம் திசைகாட்டி கூட இல்லை. இச்செய்தி உலகெங்கும் பலரை வானூர்தி கட்டத் தூண்டியது. டி ஆஞ்செலிசும் அவர்களுள் ஒருவர்.

அவரது வடிவமைப்பின்படி வானூர்தியைக் கட்டித் தந்தது மவுண்ட் ரோட்டின் சிம்ப்சன் நிறுவனம். 1840இல் குதிரை வண்டி செய்யும் பட்டறையாகத் தொடங்கிய இந்நிறுவனத்தில்தான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிச் சீருந்து ஒன்றை உருவாக்கினார். மரச்சட்டம், துணி, இரும்பு வேலை ஆகியவற்றில் தேர்ந்த கைவினைஞர்கள் அங்கு இருந்தனர். வண்டி செய்த கைகளுக்கு வானூர்திச் சட்டம் முற்றிலும் அயலான வேலை அன்று. வானூர்தியில் குறைந்த குதிரைத்திறன் கொண்ட பொறியே பொருத்தப்பட்டது.

சோதனைக்குத் தேர்ந்த இடம் பல்லாவரம். மவுண்ட் ரோட்டிலிருந்து சைதாப்பேட்டை வழியாகத் தெற்கே செல்லும் சாலை, ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726இல் கட்டுவித்த மர்மலாங் பாலத்தின் மீது அடையாற்றைக் கடந்து பல்லாவரத்தை அடைந்தது. அங்கு நடந்த வெற்றிகரமான சோதனைக்குப் பின், நகரின் தீவுத்திடலில் கட்டணம் பெற்றுக்கொண்டு வானூர்தி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அப்போது பார்வையாளர் ஒருவரையும் ஏற்றிப் பறந்தார் எனக் கூறப்படுகிறது.

பொறியும் கருவிகளும்

சிறிய பொறியுடன் சென்னையில் பறப்பது எளிதன்று. 33 பாகை செல்சியசில் காற்றின் அடர்த்தி, 15 பாகையில் உள்ளதைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. இதனால் இறக்கையின் தூக்குவிசையும் பொறியின் ஆற்றலும் ஒருசேரக் குறைகின்றன. ஐரோப்பாவின் குளிர்ந்த காற்றில் மட்டுமட்டாகப் பறந்த இயந்திரம் இங்கு தரையை விட்டு எழாமலே போகக்கூடும்.

அக்கால வானூர்திகளில் மின்கம்பி வேலை என்பது பெரும்பாலும் தீப்பொறி எரியூட்டல் மட்டுமே. எடைமிக்க மின்கலத்தைத் தவிர்க்க மேக்னெட்டோ என்னும் கருவி பயன்பட்டது. பொறியின் சுழற்சியாலேயே சுழலும் காந்தத்தைக் கொண்டு இது மின்சாரம் உண்டாக்கும். 1903இல் ரைட் சகோதரர்கள் பொறியைத் தொடக்கப் பயன்படுத்திய மின்கலத்தையும் சுருளையும் தரையிலேயே விட்டுவிட்டனர்; பறக்கும்போது மேக்னெட்டோவே தீப்பொறி தந்தது.

மேக்னெட்டோவின் நிறுத்துகம்பி வழக்கமான சுவிட்சுக்கு நேர்மாறாக இயங்கும். சுற்றைப் பொறியின் உடலோடு இணைத்தால்தான் தீப்பொறி நிற்கும். அக்கம்பி அறுந்துவிட்டால், சுவிட்சை அணைத்த பின்னும் பொறி உயிரோடிருக்கும். சுழலியைக் கையால் திருப்புபவரின் விரல்கள் போகலாம். இன்றும் சொந்தமாக வானூர்தி கட்டுவோர் முதலில் சரிபார்க்க வேண்டிய இணைப்புகளுள் இதுவும் ஒன்று.

அளவிகளும் மிகக் குறைவு. ரைட் சகோதரர்களின் முதல் வானூர்தியில் இருந்தவை சுழற்சி எண்ணி, காற்றுவேக அளவி, நிறுத்துகடிகாரம் ஆகிய மூன்றே. பின்னர் வந்த சுழல் பொறிகளில் ஆமணக்கெண்ணெய் துடித்துச் செல்வதைக் காட்டும் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருந்தது. எண்ணெய் ஓடுகிறதா என்பதை மட்டுமன்றி, துடிப்பின் விரைவைக் கொண்டு பொறியின் வேகத்தையும் ஓட்டுநர் கணித்தார். மற்றபடி செவியே கருவி. ஓசை மாறினால் இறங்க வேண்டியதுதான். அதனால்தான் பல்லாவரம் போன்ற திறந்தவெளி தேவைப்பட்டது. இன்றைய சிறு வானூர்திகளில் உருளைத்தலை வெப்பம், புகைவெளியேற்ற வெப்பம், எண்ணெய் அழுத்தம் ஆகியவை தனித்தனி உணரிகளால் அளக்கப்படுகின்றன. எரியூட்டல் சுற்றும் ஒன்றையொன்று சாராத இரண்டாக அமைக்கப்படுகிறது.

முதன்மை குறித்த கருத்துவேறுபாடு

இந்திய வான்பயண வரலாறு பெரும்பாலும் அலகாபாத்திலிருந்தே தொடங்கப்படுகிறது. 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே அங்கிருந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களை எடுத்துச் சென்றார். அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, 1910 திசம்பரில், அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் ஐரோப்பிய ஓட்டுநர்கள் காட்சிப் பறப்புகள் நடத்தினர். பல்லாவரப் பறப்பு இவையனைத்திற்கும் முந்தியது. மேலும், அலகாபாத்தில் பறந்தவை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. டி ஆஞ்செலிசின் வானூர்தியோ சென்னைப் பட்டறையில் உருவானது. அஞ்சல் பறப்புக்கு முத்திரையிட்ட உறைகள் சான்றாக நின்றன. சென்னைப் பறப்புக்கு அத்தகைய நினைவுப்பொருள் இல்லாமையே அது பின்தள்ளப்பட்டதற்குக் காரணம் எனலாம்.

பிற்காலம்

டி ஆஞ்செலிசின் விடுதி பின்னர் பொசோட்டோ குடும்பத்தாரிடம் சென்று பொசோட்டோ விடுதி என அறியப்பட்டது. 1932 அக்டோபரில் டாடா நிறுவனத்தின் அஞ்சல் வானூர்தியை நெவில் வின்சென்ட் பம்பாயிலிருந்து சென்னைக்கு ஓட்டி வந்தார். சென்னை வானூர்தி நிலையம் அமைந்துள்ள மீனம்பாக்கம், பல்லாவரத்தை ஒட்டியே உள்ளது.