திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்

நம் நெம்மேலி இருக்கும் இதே செங்கற்பட்டுச் சீமையில், கோழியாளம் என்ற சிற்றூரில் 1859-ம் ஆண்டு பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயமுத்தூரில் அவர் படித்த கலாசாலையில் 400 மாணவர்; பத்துப் பேர் தவிர மற்றெல்லாரும் பிராமணர். தம் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்றஞ்சி, மணியடிக்கும் வரை வெளியிலேயே புத்தகமும் கையுமாக இருப்பாராம். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓட்டம். விளையாட வேண்டிய வயதில் இப்படி!

அந்தப் பிள்ளைதான் 1893-ல் தம் குலப்பெயரையே சூட்டி, "பறையன்" என்று பத்திரிகை தொடங்கினார். சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்தவேண்டுமென்று காங்கிரசார் அப்போது கேட்டு வந்தனர். நடத்தினால் அதிகாரமெல்லாம் மேல்சாதியார் கைக்கே போகுமென்று, 3,412 பேர் கையொப்பத்துடன் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார் சீனிவாசன். தேசபக்தர் பலருக்கு அது கசந்தது. ஆனாலும், பெரிய உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும் என்று ஏழை கேட்டது நியாயந்தானே?

பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பி, சென்னைச் சட்டசபை அங்கத்தினரானார். பொதுச் சாலையில் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் எவரும் நீர் எடுக்கலாம் என்ற தீர்மானத்தை 1924-ல் அங்கே நிறைவேற்றி வைத்தார். 1930-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் லண்டனில் தொடங்கிவைத்த வட்டமேஜை மகாநாட்டில், டாக்டர் அம்பேத்கருடன் அவரும் அமர்ந்திருந்தார். 1945-ல் காலமானார்.