சணல் வயலில் இறங்கிய கணக்கு: பேராசிரியர் மஹலனோபிஸ் மாணவர்களுக்கு விட்டுச்சென்ற பாடம்

பல்கலைக்கழகத்தில் கணிதமோ புள்ளியியலோ படிக்கும் மாணவர்கள் பலருக்கும் ஒரு சிக்கல் உண்டு. சூத்திரம் தெரியும். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வரும். ஆனா நிஜமான தரவு கையில் வந்ததும் எங்கே தொடங்குறதுன்னு புரியாது.

வகுப்பில் தரும் எண்கள் சுத்தமா இருக்கும். வெளியே கிடைப்பவை அப்படி இல்லை. சிலது விடுபட்டிருக்கும், சிலது தப்பா இருக்கும். அதைச் சேகரித்தவர் யார், எப்படிச் சேகரித்தார் என்பதே தெரியாது.

இதைச் சுமார் 90 ஆண்டுக்கு முன்பே உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். மாணவர்களையும் ஊழியர்களையும் வயலுக்கும் கிராமத்துக்கும் அனுப்பிக் கணக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்தான் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். அவர் பிறந்த ஜூன் 29ஆம் தேதியை இந்தியா 2007ஆம் ஆண்டிலிருந்து புள்ளியியல் நாளாக அனுசரித்து வருகிறது.

யார் இவர்? அவர் கதையில் இன்றைய மாணவர்களுக்கு என்ன இருக்கு?

இயற்பியல் மாணவர்

மஹலனோபிஸ் 1893ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். அங்குள்ள பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து 1912இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து போய் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

அப்போது அவர் படித்தது புள்ளியியல் இல்லை. தனிப் பாடமாக அதைப் படிக்க இந்தியாவில் அன்று வழியும் இல்லை.

கேம்பிரிட்ஜில் ஒரு தமிழ் நண்பர்

1914இல் கும்பகோணத்துச் சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜ் வந்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.

அந்த நட்பில் ஒரு சம்பவம் ரொம்பப் பிரபலம். மஹலனோபிஸ் ஒரு சஞ்சிகையில் வந்த புதிரைக் கொண்டுவந்தார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கும் 500க்கும் இடையில் வீடுகள் இருந்தால் அந்த வீட்டின் எண் என்ன?

மஹலனோபிஸ் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சில நிமிடத்தில் விடையைப் பிடித்தார். 288 வீடுகள், 204ஆம் எண் வீடு. ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டே, அந்த ஒரு விடையோடு நிற்காமல், அதுபோன்ற எல்லா விடைகளையும் தரும் தொடர் பின்னம் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

இருவர் போன பாதையும் அப்பவே தெரிஞ்சிருச்சுன்னு சொல்லலாம். ராமானுஜனுக்குப் பொது விதி மனத்தில் உதித்தது. மஹலனோபிஸ் போட்டுப் பார்த்து, சோதித்துப் பார்த்துக் கற்றவர். நம்மில் பெரும்பாலோர் ராமானுஜன் இல்லை. அதனால் இரண்டாவது வழி நமக்கு இன்னும் முக்கியம்.

கப்பலில் தொடங்கிய படிப்பு

1915இல் படிப்பு முடிந்து ஊர் திரும்ப வேண்டிய நேரம். போர் காரணமாகக் கப்பல் கிளம்பத் தாமதமானது. அந்த இடைவெளியில் கல்லூரி நூலகத்தில் ஆசிரியர் ஒருவர் அவருக்கு பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் ஆய்விதழைக் காட்டினார். மஹலனோபிஸுக்கு அது பிடித்துப்போனது. இதழ்களின் முழுத் தொகுப்பையும் வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார்.

கல்கத்தாவில் அவருக்குக் கிடைத்தது பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை. புள்ளியியலைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் நிஜமான பிரச்சினைகளை எடுத்து, அவற்றின் வழியாகத் தானே கற்றுக்கொண்டார்.

1920இல் நாக்பூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவர் நெல்சன் அனண்டேலைச் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களிடம் எடுத்த உடல் அளவுகள் அனண்டேலிடம் குவிந்துகிடந்தன. அதை ஆராயும் பொறுப்பு மஹலனோபிஸிடம் வந்தது. உயரம், தலையின் அகலம், மூக்கின் நீளம் எனப் பல அளவுகள். அவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்து இரு குழுக்கள் எவ்வளவு நெருக்கம் அல்லது தூரம் என எப்படிச் சொல்வது?

அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. 1936இல் வெளியிட்ட விடை இன்று மஹலனோபிஸ் தூரம் என்ற பெயரில் உலகெங்கும் வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. வழக்கத்துக்கு மாறான தரவைக் கண்டுபிடிக்கும் கணினி நிரல்களும் அதைப் பயன்படுத்துகின்றன. அதன் தொடக்கம், ஒருவர் பெட்டியில் வைத்திருந்த அளவுக் குறிப்புகள்தான்.

ஆறு மேடேறியதா?

1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் பெரும் வெள்ளம். ஆற்றின் அடிமட்டம் உயர்ந்துவிட்டது, அதனால் கரைகளை உயர்த்த வேண்டும் என்பது பொறியாளர்களின் கருத்து. பெரும் பணம் பிடிக்கும் வேலை அது.

மஹலனோபிஸ் பல பத்தாண்டுப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். அடிமட்டம் உயரவே இல்லை என்பது தெரிந்தது. மேல்பகுதியில் பெய்த அளவுக்கு மீறிய மழைதான் காரணம். ஆற்றின் மேல்பகுதியில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கலாம் என்றார். அவர் செய்த கணக்குகள் பின்னர் மகாநதியில் எழுந்த ஹிராகுட் அணைத் திட்டத்துக்கும் உதவின.

கணக்கு தப்பானா கரையோர மக்கள் மீண்டும் வெள்ளத்தில் மாட்டுவார்கள். தாளில் வரும் விடைக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை இந்த வேலை காட்டியது.

238 ரூபாயில் ஒரு கழகம்

கல்லூரியின் இயற்பியல் துறையில் ஓர் அறை. அதில் சில உதவியாளர்கள், கையால் சுற்றும் கணக்கு இயந்திரங்கள். அதற்குப் பெயர் புள்ளியியல் ஆய்வுக்கூடம்.

கவனியுங்கள், ஆய்வுக்கூடம். வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் சோதனைக்கூடம் இருப்பதுபோல எண்களுக்கும் ஒன்று வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1931 டிசம்பரில் அந்த அறையிலிருந்து இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. முதல் ஆண்டுச் செலவு வெறும் 238 ரூபாய். 1933இல் சங்க்யா என்ற ஆய்விதழும் தொடங்கியது.

சணல் வயலில் என்ன நடந்தது?

அன்றைய வங்காளத்தின் பெரிய பணப்பயிர் சணல். எவ்வளவு நிலத்தில் விளைகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் விவசாயி, வியாபாரி, அரசாங்கம் எல்லாருக்கும் நல்லது. ஆனா ஒவ்வொரு வயலையும் போய்ப் பார்க்க ஆள் பலமும் பணமும் ஏராளமாக வேண்டும்.

1937இல் மஹலனோபிஸ் மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். சில இடங்களை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே அளந்து, மொத்தத்தைக் கணிப்பது அந்த முறை. நேரே பெரிய வேலையில் குதிக்கவில்லை. முதலில் சிறிய அளவில் வெள்ளோட்டம். அடுத்த ஆண்டு கொஞ்சம் பெரிதாக. இப்படிப் படிப்படியாக 1941க்குள் மாநிலம் முழுக்கப் போனார்.

களப்பணியாளர்கள் வயலுக்கு நடக்க எவ்வளவு நேரம், அளக்க எவ்வளவு நேரம் என்பதையும் குறித்துவைக்கச் சொன்னார். எதற்கு? எத்தனை இடங்களுக்குப் போகணும், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிசா இருக்கணும் என்பதைச் செலவோடு சேர்த்து முடிவுசெய்ய அந்த விவரம் தேவைப்பட்டது.

முழுக் கணக்கெடுப்புக்கு ஆகும் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கிலேயே வேலை முடிந்தது. வந்த கணிப்பும் நம்பகமாக இருந்தது.

இரண்டு குழு, ஒரே கேள்வி

களப்பணியாளர் வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து எண்களை எழுதிவிட்டால்? அல்லது தெரியாமல் தப்பாக அளந்தால்?

இதற்கு அவர் கண்ட வழி எளிமையானது. ஒரே வட்டாரத்தில் இரண்டு மாதிரிகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தார். இரண்டையும் வேறு வேறு குழுக்களிடம் கொடுத்தார். இரு முடிவுகளும் ஏறக்குறைய ஒத்துப்போனால் நம்பலாம். ரொம்ப வேறுபட்டால் எங்கேயோ கோளாறு, போய்ப் பார்க்கணும்.

சிறிய வட்டம், பெரிய தப்பு

நெல் விளைச்சலைக் கணிக்க வயலில் ஒரு சிறிய வட்டம் போட்டு, உள்ளே இருக்கும் பயிரை அறுத்து எடைபோடுவார்கள். வட்டம் சின்னதா இருந்தா வேலையும் குறைவு.

ஆனா வட்டம் சிறுக்கச் சிறுக்க விளைச்சல் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டியது. சூத்திரத்தில் பிழை இல்லை. பின் எங்கே பிழை?

ஓரத்தில்தான். கோட்டின் மேலேயே நிற்கும் பயிரை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற சந்தேகம் வரும்போது அறுப்பவரின் கை அதை உள்ளே சேர்த்துவிடும். வட்டத்தின் ஆரம் பாதியானால் சுற்றளவும் பாதியாகும், பரப்பளவோ கால் பங்காகிவிடும். அதாவது, பரப்போடு ஒப்பிட்டால் ஓரம் இரண்டு மடங்கு. அதனால் தப்பும் பெரிதாகும்.

வகுப்பில் உட்கார்ந்து யோசித்தால் இது தோன்றுவது கடினம். வயலில் நின்று பார்த்தவருக்குத்தான் புரியும்.

பஞ்சத்துக்குப் பிறகு

1943இல் வங்காளப் பஞ்சம் பல லட்சம் பேரைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டு கழகத்தின் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். யார் நிலத்தை விற்றார்கள், யார் அடகு வைத்தார்கள், யாருடைய மாடு போனது, யார் ஓட்டாண்டி ஆனார்கள் எனக் குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார்கள்.

பசியில் மனிதர்களை இழந்த வீட்டில் போய் உட்கார்ந்து கேள்வி கேட்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பயிற்சி. யாருக்கு உதவி தேவை என்பதைக் காட்ட அந்தப் பதில்கள்தான் இருந்தன.

வேலை தேடி வந்த மாணவர்

1940இல் ஆந்திராவில் கணிதம் படித்து முடித்த இளைஞர் ஒருவர் வேலைக்கான நேர்காணலுக்காகக் கல்கத்தா வந்தார். வேலை கிடைக்கவில்லை. ஆனா தங்கிய விடுதியில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பயிற்சி பெறும் ஒருவரைச் சந்தித்தார். கழகத்தைப் போய்ப் பார்த்தார். 1941 ஜனவரியில் பயிற்சியில் சேர்ந்தார்.

அந்த இளைஞர் சி. ஆர். ராவ். பின்னாளில் உலகின் தலைசிறந்த புள்ளியியலாளர்களில் ஒருவர்.

அதே 1941இல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. ராவ் அதில் படித்துக்கொண்டே கழகத்தின் வேலைகளிலும் ஈடுபட்டார். 1946இல் மஹலனோபிஸ் அவரைக் கேம்பிரிட்ஜ் அனுப்பிவைத்தார். சூடானில் தோண்டியெடுத்த பழங்கால எலும்புகளின் அளவுகளை மஹலனோபிஸ் தூரத்தைக் கொண்டு ஆராய்வதே அங்கே அவருக்கு வேலை. அந்த வேலையே அவருடைய முனைவர் பட்டத்துக்கும் வழிவிட்டது.

வட்டார மாணவர்களுக்கும் வாய்ப்பு

1950இல் கல்கத்தாவில் அனைத்துலகப் புள்ளியியல் கல்வி நிலையம் தொடங்கியது. தென்கிழக்காசியா உட்படப் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் அங்கே பயிற்சிக்குப் போனார்கள். அதே ஆண்டில் இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் ஆரம்பித்தது.

1959இல் நாடாளுமன்றச் சட்டம் கழகத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய இளநிலைப் படிப்பில் மாணவர்கள் கணிதத்தோடு இயற்கை அறிவியல் பாடங்களையும் படித்தார்கள். எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எண்ணை ஆராயக்கூடாது என்பதே காரணம்.

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. பயிர் வெட்டும் முறையில் பி. வி. சுகாத்மே அவரோடு மாறுபட்டார். பெரிய நிலத்துண்டுகளில் வெட்டுவதும், ஏற்கெனவே கிராமத்தில் இருக்கும் வருவாய்த் துறை ஊழியர்களைப் பயன்படுத்துவதும் நல்லது என்றார் அவர். 1956இல் தொடங்கிய இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மஹலனோபிஸ் கொடுத்த வடிவமும் கனரகத் தொழிலுக்கு அதிக இடம் கொடுத்ததாக விமர்சிக்கப்பட்டது.

1972 ஜூன் 28ஆம் தேதி, 79ஆவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு, அவர் காலமானார்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வேலைப்பயிற்சி, ஆய்வுத் திட்டம் என வாய்ப்புகள் உண்டு. அவை கிடைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மஹலனோபிஸ் செய்ததைச் சிறிய அளவில் நீங்களே செய்து பார்க்கலாம்:

- ஒரு கேள்வியை எடுங்க. உதாரணத்துக்கு, உங்க பேருந்து நிறுத்தத்தில் சராசரியா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?
- முதல்ல ஒரு நாள் மட்டும் வெள்ளோட்டம் பாருங்க. எது சரிவரலைன்னு குறிச்சு வைங்க.
- நீங்களும் நண்பரும் வேறு வேறு நேரங்களைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுத்து, தனித்தனியாக அளங்க. முடிவுகளைக் கடைசியில் மட்டும் ஒப்பிடுங்க.
- ஓரத்தைக் கவனிங்க. பேருந்து வந்தும் ஏற முடியாதவரை எப்படிக் கணக்கில் சேர்ப்பீங்க? நீங்க போறதுக்கு முன்னாடியே நின்னவரை?

இரண்டு பேரின் விடையும் வேறுபட்டால் கவலை வேண்டாம். ஏன் வேறுபட்டது என்று தேடத் தொடங்கும்போதுதான் புள்ளியியல் படிப்பே ஆரம்பமாகுது.