குருமார்களுக்குத் தலைவரான சீடர்

கல்கத்தாவில் கோல்திகி என்று ஒரு குளம் உண்டு. அதன் கரையில் பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் அரசாங்க சம்ஸ்கிருதக் கல்லூரி.

1851-ஆம் வருஷம். பாடம் தொடங்கும் நேரம் கடந்துவிட்டது. கல்லூரி வாசலில் குள்ளமான ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். முன்தலை மழித்திருக்கிறது. முரட்டு வேஷ்டி, மேலே ஒரு துப்பட்டா, காலில் சாதாரணச் செருப்பு. கிராமத்துப் புரோகிதர் யாரோ வேலையாக வந்திருக்கிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அவர்தான் கல்லூரியின் பிரின்சிபால். பெயர் ஈசுவரசந்திர வித்யாசாகர். வயது முப்பது.

அவர் மாணவர்களைப் பிடிப்பதற்காக அங்கே நிற்கவில்லை. மாணவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வரவேண்டியவர்கள் பண்டிதர்கள்! அவர்களில் பலர், சில வருஷங்களுக்கு முன் அதே கட்டடத்தில் அவருக்குப் பாடம் சொன்ன குருமார்கள்.

குருவைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். காலைத் தொட்டு வணங்க வேண்டும். அப்படிப்பட்ட குரு நேரம் கழித்து வந்தால், சீடனாக இருந்த பிரின்சிபால் என்ன செய்வது?

ஒரே ஒரு கேள்வி

அதற்கு வித்யாசாகர் கண்ட வழியைப் பற்றி வங்காளத்தில் ஒரு கதை சொல்லுவார்கள். அவர் யாரையும் கண்டிக்கவில்லை. சம்பளத்தைப் பிடிக்கவும் இல்லை. தாமதமாக வருகிறவரை வாசலில் பார்த்து, இப்போதுதான் வருகிறீர்களா என்று பணிவாகக் கேட்பார். அவ்வளவுதான். மானமுள்ள பண்டிதருக்கு அது போதும். மறுநாள் நேரத்தோடு வந்துவிடுவார்.

ஆனால் மிகவும் முதியவரான ஒரு குருவிடம் அதைக்கூடக் கேட்க அவருக்கு நா எழவில்லை. அந்தப் பெரியவர் வரும்போதெல்லாம் வாய் திறக்காமல் நின்றார். சில நாள் இப்படியே போயிற்று. மற்றவர்களைக் கேட்கும் பிள்ளை தம்மை மட்டும் ஏன் கேட்கவில்லை என்பது பெரியவருக்குப் புரிந்துவிட்டது. அன்றோடு அவரும் நேரத்துக்கு வரத் தொடங்கினாராம்.

கதை இனிமையாக முடிகிறது. ஆனால் கல்லூரியில் எல்லாத் தகராறும் அப்படி இனிமையாக முடியவில்லை.

பாதையோரக் கல்லில் எண்கள்

வித்யாசாகர் 1820-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி, வங்காளத்தில் வீர்சிங்கம் என்னும் கிராமத்தில் பிறந்தவர். தந்தை தாகுர்தாஸ் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்தில் வேலை பார்த்தவர். தாய் பகவதி தேவி.

எட்டு வயதில் தந்தையோடு கல்கத்தாவுக்கு நடந்தே புறப்பட்டார். ஐம்பது மைலுக்கு மேல் நடை. பாதையோரத்து மைல் கற்களில் செதுக்கியிருந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே, ஊர் போய்ச் சேருவதற்குள் இங்கிலீஷ் எண்களைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பது வங்காளத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

1829-ல் சம்ஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் அங்கே படித்தார். வித்யாசாகர் என்பது அங்கே கிடைத்த பட்டம். கல்விக் கடல் என்று பொருள். 1841-ல் படிப்பு முடிந்ததும் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் தலைமைப் பண்டிதர் உத்தியோகம். மாதம் 50 ரூபாய். சம்பளம் வந்ததும் தந்தையை வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டு, மாதா மாதம் 20 ரூபாய் அனுப்பிவந்தார்.

அந்த நாளில் சம்ஸ்கிருதக் கல்லூரியில் இலக்கண ஆசிரியர் இடம் ஒன்று காலியாயிற்று. சம்பளம் 90 ரூபாய். அதை இவருக்கே கொடுக்க முன்வந்தார்கள். இவரோ, தம்மைவிட தாராநாத தர்க்கவாசஸ்பதி இலக்கணத்தில் வல்லவர் என்று சொல்லி, அவர் இருந்த கால்னா ஊருக்கு நடந்தே போய், சம்மதம் வாங்கி வந்து, அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். 50 ரூபாய்க்காரர் 90 ரூபாயை இன்னொருவருக்குத் தேடிக் கொடுத்தார்!

மேஜையின் மேல் கால்

1846-ல் பழைய கல்லூரிக்கே உதவிக் காரியதரிசியாக வந்தார். காரியதரிசி ரசமய தத்தர். அக்காலத்தில் கல்லூரித் தலைமை காரியதரிசியிடம்தான் இருந்தது.

அதே கட்டடத்தில் ஹிந்து கல்லூரியும் நடந்துவந்தது. அதன் பிரின்சிபால் கெர் என்ற வெள்ளைக்காரர். ஒரு நாள் வித்யாசாகர் காரியமாக அவரைப் பார்க்கப் போனார். கெர் துரை பூட்ஸ் காலை மேஜைமேல் நீட்டியபடியே பேசி அனுப்பிவிட்டார். வித்யாசாகர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் கெர் இவரைத் தேடி வரவேண்டியிருந்தது. வித்யாசாகர் செருப்புக் காலை மேஜைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அப்படியே பேசி அனுப்பினார்.

துரைக்குக் கோபம் பொங்கியது. மேலிடத்துக்குப் புகார் பறந்தது. மேலிடம் விளக்கம் கேட்டது. நாகரிகமுள்ள ஐரோப்பியர்கள் விருந்தினரை வரவேற்கும் முறை இதுதான் போலும் என்று கெர் துரையிடமிருந்தே தாம் கற்றுக்கொண்டதாக வித்யாசாகர் எழுதினார். புகார் அதோடு நின்றது.

ஆனால் பக்கத்து அறையில் இருந்த தலைவரோடு நேர்ந்த தகராறு சிரிப்பில் முடியவில்லை. பாடமுறையை மாற்ற வித்யாசாகர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ரசமய தத்தர் அதை முழுதாக ஏற்கவில்லை. தலைவர் தடுக்கிற இடத்தில் தம்மால் இருக்க முடியாதென்று 1847-ல் வித்யாசாகர் ராஜினாமா செய்தார். வேலையை விட்டுவிட்டு இவர் எதைச் சாப்பிடுவார் என்று தத்தர் வியந்தாராம். அது காதில் விழுந்ததும், கறிகாய் விற்றுப் பிழைத்தாலும் பிழைப்பேனே தவிர மதிப்பில்லாத உத்தியோகத்தில் இருக்கமாட்டேன் என்று வித்யாசாகர் சொல்லி அனுப்பியதாகக் கதை.

கறிகாய் விற்கவில்லை. 600 ரூபாய் கடன் வாங்கி, நண்பர் மதனமோகன தர்க்காலங்காரரோடு சேர்ந்து அச்சுக்கூடம் வைத்தார்.

தலைவர் ஆனார்

1850-ன் கடைசியில் அதே கல்லூரிக்கு இலக்கிய ஆசிரியராக வந்தார். வந்ததும் கல்லூரியைச் சீர்திருத்தும் விதம்பற்றி விரிவான அறிக்கை ஒன்று எழுதினார். ரசமய தத்தர் விலகினார். காரியதரிசி, உதவிக் காரியதரிசி இரண்டு பதவிகளையும் எடுத்துவிட்டு, 1851 ஜனவரியில் அரசாங்கம் வித்யாசாகரை 150 ரூபாய் சம்பளத்தில் பிரின்சிபாலாக நியமித்தது.

நேற்றுவரை தலைவரோடு மோதியவர், இன்று தாமே தலைவர்.

மாறுதல்கள் மளமளவென்று வந்தன. பிரதமை, அஷ்டமி நாட்களில் இருந்த விடுமுறை போய், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வந்தது. கோடைக்கு இரண்டு மாதம் லீவு. 1852-ல் சேருவதற்கு 2 ரூபாய். 1854 முதல் மாதம் 1 ரூபாய் கட்டணம். இங்கிலீஷ் படிப்புக்கு முக்கிய இடம். முக்தபோதம் என்ற இலக்கண நூலைப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் பொருள் தெரியாமல் உருப்போட்டுவந்தார்கள். வித்யாசாகர் வங்காளி பாஷையிலேயே எளிய சம்ஸ்கிருத இலக்கணம் எழுதிக் கொடுத்தார்.

பண்டிதர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் கட்சியிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே சொல்லவேண்டும். அவர்கள் அறிந்த பள்ளிக்கூடம் டோல். அது குருவின் வீடு. அங்கே கடிகாரம் கிடையாது. வருகைப் பதிவும் கிடையாது. பிள்ளையிடம் காசு வாங்குவது பாவம். குருதான் பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிப்பிப்பார். அப்படி வாழ்ந்தவர்களுக்கு மணிக்கணக்கும் கட்டணமும் அவமானமாகத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் டோலில் ஒரு சிலர் படிப்பார்கள். இதுவோ அரசாங்கப் பணத்தில் நடக்கும் கல்லூரி. குரு வராத ஒவ்வொரு மணியும் பிள்ளைகளுக்கு நஷ்டம். வித்யாசாகர் அதைத்தான் கணக்குப் பார்த்தார்.

யார் படிக்கலாம்?

பெரிய மோதல் வேறொன்றில் வந்தது. அந்தக் கல்லூரியில் பிராமணர், வைத்தியர் என்ற இரண்டு சாதிப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். காயஸ்தப் பிள்ளைகளையும் சேர்க்கவேண்டும் என்றார் வித்யாசாகர். பண்டிதர்கள் எதிர்த்தார்கள், சாஸ்திரம் இடம் கொடுக்காது என்றார்கள்.

சம்பளம் வாங்கிக்கொண்டு வெள்ளைக்காரர்களுக்குச் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கலாம், நம் ஊர்க் காயஸ்தனுக்குக் கூடாதா என்ற ரீதியில் வித்யாசாகர் வாதாடினார். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். 1851 ஜூலையில் காயஸ்தர்களுக்குக் கதவு திறந்தது. 1854 டிசம்பரில் மதிப்புள்ள ஹிந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் சேரலாம் என்று ஆயிற்று.

அப்படியும் ஒரு குறை நின்றுவிட்டது. அதை மறைப்பதற்கில்லை. 1855-ல் பொன்வணிகர் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இடம் கேட்டு மனு வந்தது. சேர்த்தால் வைதிகப் பண்டிதர்கள் மனம் நோவார்கள், கல்லூரியின் பெயர் கெடும் என்று காரணம் காட்டி, வித்யாசாகர் அதற்குச் சம்மதிக்கவில்லை. வாசலில் நின்று குருமார்களைத் திருத்தியவர், அந்த இடத்தில் அவர்களுக்கு அஞ்சித்தான் நடந்தார்.

மறுவருஷமே ஊரையே எதிர்த்து நின்றார். 1856 ஜூலையில் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது. அதற்காக உழைத்தவர் இவர். டிசம்பர் மாதம் சட்டப்படி நடந்த முதல் திருமணத்தில் மணமகன் யார் தெரியுமா? சம்ஸ்கிருதக் கல்லூரியில் வேலை பார்த்த பண்டிதர் ஸ்ரீசசந்திர வித்யாரத்னர்! எதிர்த்த பண்டிதர்கள் இருந்த கல்லூரியில் இப்படித் துணிந்த பண்டிதரும் இருந்தார்.

சம்பளம் வராத வாத்தியார்கள்

1855-ல் நான்கு ஜில்லாக்களின் பள்ளிகளை மேற்பார்க்கும் வேலையும் சேர்ந்தது. இரண்டு வேலைக்குமாக மாதம் 500 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

லெப்டினன்ட் கவர்னர் ஹாலிடேயின் வாய்ச்சொல்லை நம்பி, 1857 நவம்பர் முதல் 1858 மே வரைக்குள் கிராமங்களில் 35 பெண் பள்ளிகளைத் திறந்தார். சுமார் 1,300 சிறுமிகள் படிக்க வந்தார்கள். அந்த நேரம் சிப்பாய்க் கலகம், கஜானாவில் பணமுடை. மேலிடம் அனுமதி மறுத்தது. உத்தரவை எழுத்தில் வாங்காமல் பள்ளி திறந்தது யார் குற்றம் என்ற கேள்வி எழுந்தது.

வாத்தியார்களுக்குச் சம்பளப் பாக்கி 3,439 ரூபாய் நின்றது. அவர்கள் கவர்னரையா கேட்பார்கள்? வேலையில் வைத்த வித்யாசாகரைத்தான் கேட்டார்கள். அவர் அரசாங்கத்துக்கு எழுதி எழுதி மன்றாடினார். கடைசியில் பாக்கியை மட்டும் அரசாங்கம் கொடுத்தது. பள்ளிகளைத் தாங்க மறுத்துவிட்டது.

கல்வி இலாகாவுக்கு அப்போது கார்டன் யங் என்ற துரை டைரக்டர். அவருக்கும் வித்யாசாகருக்கும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. பள்ளியை நடத்துவது எப்படி என்று தம்மைவிட அறியாதவர் தமக்கு உத்தரவு போடுவதை வித்யாசாகரால் பொறுக்க முடியவில்லை. 1858 ஆகஸ்டு 5-ந் தேதி ராஜினாமாக் கடிதம் எழுதினார். முக்கியக் காரணமாக உடல் நலிவைக் குறிப்பிட்டார். மனக்குறையும் கடிதத்தில் இருந்தது. நவம்பரில் கல்லூரிப் பொறுப்பைக் கவல் என்ற ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். 500 ரூபாய்ச் சம்பளம் போயிற்று. பென்ஷனும் கிடையாது. வயது 38.

சொந்தப் பள்ளி

பின்பு, 1859-ல் சிலர் கூடித் தொடங்கிய ஒரு பள்ளி அவர் கைக்கு வந்தது. நிர்வாகிகளுக்குள் சண்டை மூண்டு பிரிந்த பள்ளி அது. 1864-ல் அதற்கு மெட்ரோபாலிடன் இன்ஸ்டிடியூஷன் என்று பெயர் ஏற்பட்டது. 1872-ல் கல்லூரி வகுப்பும், 1879-ல் பி.ஏ. வகுப்பும் வந்தன. வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவரும் இல்லாமல் கல்லூரி நடக்குமா என்று சந்தேகித்தவர்கள் உண்டு. நடந்தது. இங்கிலீஷ் இலக்கியம்கூட இந்தியர்களே சொல்லிக்கொடுத்தார்கள்.

அங்கே அவர் ஆசிரியர்களுக்கு இட்ட கண்டிப்பான கட்டளை ஒன்று, பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பது. பிரம்பில்லாமல் படிப்பு ஏறாது என்று நம்பிய காலம் அது. மீறியவர்களுக்கு அவர் பள்ளியில் இடமில்லை.

தாம் நடந்து போய் அழைத்து வந்த தாராநாதரும் பிற்காலத்தில் அவரை எதிர்த்தார். பல தாரமணம் சாஸ்திர சம்மதமல்ல என்று வித்யாசாகர் 1871-ல் புத்தகம் எழுத, தாராநாதர் மறுத்துப் புத்தகம் எழுதினார். இருவரும் அச்சில் மோதிக்கொண்டார்கள்.

1891 ஜூலை 29-ந் தேதி வித்யாசாகர் கல்கத்தாவில் காலமானார். மெட்ரோபாலிடன் கல்லூரிக்கு 1917-ல் வித்யாசாகர் கல்லூரி என்று பெயர் மாற்றினார்கள்.