பொத்தான் இல்லாத சட்டை

பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு தெருவில் ஆள் வந்துவிட்டால், வீட்டுக்குள் ஒரு சிறு போர் மூளுகிறது. வில்லியனூரானாலும் சரி, பாகூரானாலும் சரி, நாம் அறிந்த காட்சிதான் இது. வீட்டுக்கார அம்மையார் வெளுத்துப்போன லுங்கியையும், கழுத்துப்பட்டை நைந்த சட்டையையும் எடுத்து வாசலில் வைக்கிறார். வீட்டுக்காரர் வந்து அவற்றை வாரிக்கொண்டு போய் மறுபடியும் கொடியில் போடுகிறார். ஒரு எவர்சில்வர் கிண்ணம் கைக்கு வராமல் போகிறது. அன்று இரவுச் சோறு சற்றுச் சூடு குறைந்தே இலையில் விழுகிறது!

நாம் யார் பக்கம்? சட்டைக்காரர் பக்கந்தான். பல நாள் துவைத்த வேட்டியின் மென்மையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. நாளெல்லாம் வேலை செய்து, உடம்பு நோவோடு வீடு திரும்புகிறவனுக்கு அந்தப் பழைய துணி இரண்டாவது தோல். அதைக் கட்டிக்கொண்டு திண்ணையில் சாய்ந்த பிறகுதான் அவன் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகப் பொருள்.

ஆனால் அம்மையார் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பாகூர் ஏரிப் பாசனத்து வயல்களில் நடவு நாளில் போய்ப் பார்த்தால் தெரியும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளையின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்கள் சேற்றில் குனிந்து நிற்கிறார்கள். வெயிலுக்கும் பயிரின் அறுப்புக்கும் அதுதான் கவசம். உழைப்பாளி வீட்டுச் சட்டைக்கு ஒரு பிறவி அல்ல, நாலைந்து பிறவி உண்டு. முதலில் ஊருக்கு, பிறகு வீட்டுக்கு, பிறகு வயலுக்கு, கடைசியில் அடுப்படியில் கரித்துணி. அது எப்போது எந்தப் பிறவி எடுக்கும் என்பதைத் தீர்மானிக்கிறவள் வீட்டுப் பெண்.

இந்தச் சட்டைப் பேச்சில் நமக்கு ஒருவர் நினைவு வருகிறார். பாரதியார்தான். அவருடைய பாட்டைப் பற்றி எழுதப் பண்டிதர்கள் இருக்கிறார்கள். நாம் அவருடைய சட்டையைப் பற்றி எழுதுகிறோம்.

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியம், தகப்பனார் இறந்த பிறகு 1898-ல் காசிக்குப் போனார். அங்கே அத்தை வீட்டில் இருந்து படித்தார். போகும்போது குடுமியோடு போன பிள்ளை, குடுமியை எடுத்து, மீசை வைத்து, தலைப்பாகை கட்டினார். ஆசாரம் மிகுந்த அந்த வீட்டில் இது சிறிய குற்றமல்ல. பந்தியில் பக்கத்தில் உட்கார வைப்பதா வேண்டாமா என்கிற அளவுக்கு மனத்தாங்கல் வந்தது. 1902-ல் அவர் ஊர் திரும்பியபோது தலைப்பாகையும் கூடவே வந்தது. சாதியை உடம்பில் எழுதிக் காட்டிய அடையாளத்தைக் கழற்றிவிட்டு, தாமே தேர்ந்தெடுத்த உடையைப் போட்டுக்கொண்ட மனிதர், சாகும்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

1908-ல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகை மேல் வெள்ளைக்காரச் சர்க்காரின் கை விழுந்தது. பெயருக்கு ஆசிரியராக இருந்தவர் சிறைக்குப் போனார். அந்த ஆண்டு செப்டம்பரில் பாரதியார் பிரெஞ்சு எல்லைக்குள் வந்து சேர்ந்தார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் இரயில் பாதை வில்லியனூர் வழியாகத்தான் அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. பத்திரிகையும் புதுச்சேரிக்கு வந்தது. 1910 மார்ச்சோடு அது நின்றது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அதை அனுமதிக்காவிட்டால் யார் சந்தா கட்டுவார்கள்? அதன் பிறகு எட்டாண்டுக் காலம் அந்தக் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்பதே ஒரு பெரிய கதை.

அந்த எட்டாண்டிலும் வீட்டுக்கு எதிரே இரகசியப் போலீஸ். வரும் கடிதத்தின்மேல் கண், வரும் மணியார்டரின்மேல் கண். 1911-ல் ஆஷ் துரை சுடப்பட்ட பிறகு நெருக்கடி இன்னும் கூடிற்று. வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஐவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால்தான் இருக்கலாம், இல்லாவிட்டால் வெளியேறு என்று சட்டம் வந்தது. கலவை சங்கரச் செட்டியார் ஓடியாடி அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால், பின்னால் நாம் படிக்கிற பல பாடல்கள் எங்கே எழுதப்பட்டிருக்குமோ!

உடைக்கு வருவோம். 1911-ல் புதுச்சேரிக்கு வந்து பழகிய வ.ரா., பாரதியாரின் கோலத்தை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். சட்டை போடுவார், அதில் பொத்தான் இருக்காது. கிழிந்திருந்தாலும் பொருட்படுத்தமாட்டார். அதற்கு மேல் ஒரு கோட்டு. கோட்டின் பொத்தான் துளையில் ஏதாவது ஒரு பூ. கையில் நோட்டுப் புத்தகமும் காகிதங்களும். தலையில் முண்டாசு. இந்தக் கோலத்தில் அவர் தெருவில் இறங்கினால், நிமிர்ந்த மார்பும் வேகமான நடையும்தான் எதிரே வருகிறவர் கண்ணில் படும். உள்ளே இருக்கும் கிழிசல் படாது.

கடற்கரை ஊர், புழுக்கம் தாங்காத ஊர். அங்கே ஏன் ஒரு மனிதன் கோட்டுப் போட்டுக்கொண்டு அலைய வேண்டும்? அந்தக் காலத்தில் பள்ளி ஆசிரியரும், குமாஸ்தாவும், வக்கீலும் கோட்டும் தலைப்பாகையுமாகத்தான் வெளியே வருவார்கள் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை நாம் ஊகிக்கிறோம். எதிர்ச்சாரியில் ஒற்றன் உட்கார்ந்திருக்கிறான். இவன் ஒடிந்துவிட்டான், இனி மன்னிப்புக் கேட்டு ஓடிவந்துவிடுவான் என்று மேலிடத்துக்கு எழுதக் காத்திருக்கிறான். அவன் கண் முன்னால் பொத்தானில்லாத சட்டையோடு போவதா? வேலைநிறுத்தக் காலத்தில் வீட்டில் அடுப்பு எரியாத தொழிலாளியும், ஆலை வாசலுக்குப் போகும்போது இருப்பதில் நல்ல சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவான். ஏன் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் புதுச்சேரி எப்படிப்பட்ட ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று ஆலைகள் சங்கு ஊதிக்கொண்டிருந்த ஊர். அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி, கினித்துணி என்ற பெயரில் இங்கிருந்து கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் போயிற்று. அங்கே பிரெஞ்சு வியாபாரிகள் அதைக் காசு போலக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினார்கள். இவ்வளவு துணி நெய்த ஊரில் நெய்தவனுக்கு மாற்றுத்துணி இல்லை, பாட்டு எழுதியவன் சட்டைக்குப் பொத்தான் இல்லை. நெய்தவன் எட்டு மணி நேர வேலை கேட்டு நின்றபோது, 1936 ஜூலை 30-ல் சவானா ஆலையில் துப்பாக்கி சுட்டுப் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அது பாரதியார் மறைந்து பதினைந்தாண்டுக்குப் பின்னால் நடந்தது. கெப்ளே ஆலை பின்னாளில் பாரதி மில் என்று பெயர் பெற்றதும், இன்று அந்த மூன்று ஆலைகளிலும் சங்கு ஊதுவதில்லை என்பதும் நம் தோழர்களுக்குத் தெரிந்த சங்கதிகள். வில்லியனூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் ஆலைக்குப் போன தலைமுறை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்குள் பார்ப்போம். மனைவி செல்லம்மா, பெண்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் குடித்தனம். வாடகை கேட்க வரும் வீட்டுக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்பார்கள். வருவார், பாட்டைக் கேட்பார், கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விடுவார். வீட்டு வேலைக்கு அம்மாக்கண்ணு என்ற உழைப்பாளிப் பெண். அவள் பெயரைத் தலைப்பிலே வைத்து ஒரு பாட்டே செய்துவிட்டார் பாரதியார். வேலைக்காரியின் பெயர் கவிதைப் புத்தகத்தில் ஏறுவது அன்றைக்குச் சாதாரணச் செய்தியா?

சமைக்க எடுத்து வைத்த அரிசியைச் சிட்டுக்குருவிக்கு இறைத்த கதை எல்லாருக்கும் தெரியும். மேடையில் அதைச் சொன்னால் கைதட்டல் உண்டு. நாமும் தட்டியிருக்கிறோம். ஆனால் அன்று அந்த அரிசிக்குப் பதில் அரிசி தேட வேண்டியிருந்தது யார் என்று கைதட்டும்போது நாம் கேட்பதில்லை. துணி விஷயத்திலும் அப்படியே. நல்ல மேல்துணி ஒன்று கிடைத்தால், வழியில் குளிரில் நடுங்குகிறவனைப் பார்த்ததும் அதை அவன்மேல் போர்த்திவிட்டு வெறுந்தோளோடு வீடு திரும்புவார் என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புதியது கையில் தங்காது. பழைய கோட்டு மட்டும் தங்கும். பழையதன்மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் பாதி, புதியதைப் பிறருக்குக் கொடுத்துவிட்டதால் வந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. கொடுத்தவர் புகழ் பெற்றார், நியாயந்தான். அடுத்த வேட்டிக்கு வழி என்ன என்று யோசித்தவர் செல்லம்மா. அவருக்கு அந்தப் புகழில் நாம் எவ்வளவு பங்கு கொடுத்தோம்?

1916 நவம்பரில் புதுச்சேரியைப் பெரும் புயல் அடித்தது. முத்தியால்பேட்டைத் தோப்பில், அவர் உட்கார்ந்து எழுதிய குயில் தோப்பில், மரங்கள் சாய்ந்தன. மறுநாள் வீடு இழந்தவர்களுக்காக நண்பர்களோடு தெருவில் இறங்கி ஓடியவர்களில் அவரும் ஒருவர். உடுத்த துணியில்லாத மனிதர் எத்தனை பேர் என்பதை அன்று ஒரே நாளில் பார்த்திருப்பார்.

1918 நவம்பர் 20-ல் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். பாகூர்க்காரர்களுக்குக் கடலூர் எவ்வளவு தூரம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கடலூர்ச் சிறையிலிருந்து டிசம்பர் 14-ல் வெளியே வந்து, செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார். அங்கும் தலைப்பாகை இருந்தது, மீசை இருந்தது, அக்கிரகாரத்தின் முணுமுணுப்பும் இருந்தது. காரைக்குடியில் எடுத்த படங்களில் கோட்டும் முண்டாசுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை எடுத்த புகைப்படங்களே விரல்விட்டு எண்ணக் கூடியவை. ஓவியர்கள் எல்லாரும் கோட்டுக்குக் கறுப்பு மை பூசிவிட்டார்கள். பள்ளிக்கூட விழாவில் மாறுவேடம் போடும் பிள்ளைக்கும் புதுக் கறுப்புக் கோட்டு, மடிப்புக் கலையாமல்! பிள்ளை அழகாகத்தான் இருக்கிறது. பொத்தான் எல்லாம் சரியாக இருப்பதுதான் நமக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

1921 செப்டம்பரில், திருவல்லிக்கேணியில், 38 வயதில் அவர் கண்ணை மூடினார். சுடுகாட்டுக்குப் போனவர்கள் மிகச் சிலரே. அதே மாதம் 22-ஆம் தேதி, மதுரை மேலமாசி வீதியில், ஏழைக்கு இல்லாத சட்டை எனக்கும் வேண்டாம் என்று காந்தியார் முழு உடையைக் கழற்றி வைத்து, முழங்கால் துணியோடு வெளியே வந்தார். நாடு முழுவதும் அதைப் பார்த்தது. பத்து நாள் முன்னால் போய்விட்டவருடைய கிழிந்த சட்டையை அதிகம் பேர் பார்த்ததில்லை. அவர்தான் அதைக் கோட்டுக்குள் மறைத்து வைத்திருந்தாரே!

செல்லம்மா அதற்குப் பிறகு 34 ஆண்டு உயிரோடு இருந்தார். கணவர் போன மறு ஆண்டே, 1922-ல், பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் அவருடைய பாடல்களை அச்சிட்டு வெளியிட்டார். 1951-ல் திருச்சி வானொலியில் பேசியபோது, ஒரு கவிஞனோடு குடித்தனம் நடத்துவது என்றால் என்ன என்பதை, ஒளிக்காமல், மனத்தாங்கல் இல்லாமல் எடுத்துச் சொன்னார். அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர். 1955-ல் மறைந்தார். ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீடு இன்று அரசாங்க நினைவில்லமாக இருக்கிறது. பாகூர், வில்லியனூர் தோழர்கள் நகரத்துக்கு வேலையாகப் போகும்போது ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். போகும்போது வீட்டு அம்மையாரையும் அழைத்துப் போங்கள்.