துன்பத்தை ஏட்டில் எழுதியவர்: முன்ஷி அப்துல்லா

மலாக்காவில் பிறந்த நம் முன்னோர்களுள் உலகம் அறிந்த ஒருவரை நாமே பாதி மறந்திருக்கிறோம். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் பள்ளிப் பாடநூல்களில் நம் பிள்ளைகள் படிக்கும் முன்ஷி அப்துல்லாதான் அவர். அவருடைய முப்பாட்டனார் ஏமனிலிருந்து வந்து நாகூரில் தங்கித் தமிழ்ப் பெண்ணை மணந்தவர்.

1796ஆம் ஆண்டு மலாக்கா கம்போங் பாலியில் அப்துல்லா பிறந்தார். அவருக்கு முன் பிறந்த நான்கு ஆண் பிள்ளைகளும் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். இவரும் நோயாளிக் குழந்தைதான். ஆனாலும் தந்தை அப்துல் காதர் கண்டிப்பில் குறை வைக்கவில்லை. குர்ஆனோடு தமிழையும் கற்க அனுப்பினார். அந்நாளில் மலாக்கா வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது வழக்கம். பிறகு பள்ளிவாசலில் உட்கார்ந்து, வருவோர் போவோர் பெயர்களைத் தினமும் எழுதிவரச் சொன்னார். சிறுவனுக்கு அது பெரிய தண்டனையாகத் தெரிந்தது. அந்தப் பயிற்சிதான் பின்னாளில் சோறு போட்டது. கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பாடம் சொன்னார். அவர்களே முன்ஷி என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள்.

அவர் வாழ்ந்த காலம் எளிதான காலமல்ல. 1807இல் மலாக்கா கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதை நேரில் கண்டார். ஆங்கிலேயர் 1818இல் ஊரை டச்சுக்காரரிடம் ஒப்படைத்து 1825இல் திரும்பப் பெற்றார்கள். இடையில் 1819இல் சிங்கப்பூர் எழுந்தது. மலாக்காவின் வாணிபம் நலிந்தது. பிழைப்புக்காக அவரும் சிங்கப்பூர் போனார். ராபிள்ஸிடம் எழுத்தர் வேலை, பாதிரிமார்களிடம் மொழி ஆசிரியர் வேலை, அச்சுத் தொழில் என எது கிடைத்தாலும் கற்றுக்கொண்டார். 1830ஆம் ஆண்டுத் தீ விபத்தில் உடைமைகளை இழந்தார். அந்தத் தீயையே பாட்டாக எழுதினார். 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். அருமை மகளை இழந்தார். 1840இல் மனைவியும் பிரசவத்தில் மறைந்தார். அந்தத் துயரத்துக்குப் பின்தான் தம் வாழ்க்கையை எழுத உட்கார்ந்து, 1843இல் ஹிகாயத் அப்துல்லாவை முடித்தார். அது 1849இல் அச்சேறியது. 1854இல் ஹஜ்ஜுப் பயணம் சென்றவர் ஊர் திரும்பவில்லை. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் வாழ்வில் நாம் காணும் பாடங்கள் மூன்று. கற்ற எழுத்து தீயில் எரியாது. கூடுதலாக ஒரு மொழி தெரிந்தவனுக்கு ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும். எழுதி வைக்காத துன்பம் அடுத்த தலைமுறைக்குப் பயன்படாது.

மூன்றாவது பாடம் நம்மைக் கொஞ்சம் சுடுகிறது. ஜாசின், ஆலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் துணி மூட்டை சுமந்தவர்களும், மளிகைக் கடையில் கடன் எழுதியவர்களும், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தவர்களும் நம் வீட்டுப் பெரியவர்கள். ரப்பர் மரங்கள் போய் செம்பனை வந்தது, லயன்கள் காலியாயின, கடைகளும் மூடின. அவர்கள் கொடுத்த கடன் கணக்காவது பழைய ஏட்டில் இருக்கலாம். அவர்கள் பட்ட பாடு எந்த ஏட்டில் இருக்கிறது?

பொன்விழா காணும் நம் சங்கத்தில் அந்தப் பெரியவர்களுள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். அந்தச் சிறுவன் பள்ளிவாசலில் செய்ததையே நாமும் செய்வோம். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்கள் பக்கத்தில் உட்காருவோம். முதலில் பெயரை எழுதுவோம், பிறகு கதையைக் கேட்போம். இன்ஷா அல்லாஹ், அடுத்த மலரை அவர்களே நிரப்புவார்கள்.