சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தினுள் செல்லும் அன்பர்கள் பாறசாலையைக் கடந்து நெய்யாற்றின்கரையை அடைகின்றனர். அங்கே ஸ்ரீகிருஷ்ணசுவாமியைத் தரிசித்து, மார்த்தாண்ட வர்மர் மறைந்திருந்ததாகக் கூறப்படும் பலாமரத்தையும் கண்டு திரும்புவர். அந்த மன்னரின் வழிவந்தோர் ஆட்சியில் நடந்த அநீதிகளை அஞ்சாது எழுதிய ராமகிருஷ்ண பிள்ளையும் அவ்வூரினரே என்பதைச் சிலரே அறிவர்.

1878 மே 25 அன்று பிறந்த அவர் மாணவப் பருவத்திலேயே பத்திரிகைப் பணியில் ஈடுபட்டார். தாய்மாமன் கண்டித்தும் அதைக் கைவிடவில்லை. இஸ்லாமிய அறிஞரான வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் தொடங்கிய 'சுதேசாபிமானி'யின் ஆசிரியர் பொறுப்பை 1906இல் ஏற்றார். பொருள் மௌலவியுடையது, எழுத்துச் சுதந்திரமோ முழுவதும் ஆசிரியருடையது. இத்தகைய உரிமையாளர் வாய்ப்பது எக்காலத்திலும் அரிது.

திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் அரண்மனைச் சூழலின் ஊழலையும் இதழ் கடுமையாகச் சாடியது. 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியருக்கு நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணை ஏதுமில்லை. காவலர்கள் அவரை ஆரல்வாய்மொழி எல்லைக்கு அப்பால் கொண்டு விட்டனர். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் அந்தச் சாலை அவருடைய சொந்த ஊர் வழியாகவே செல்கிறது! மௌலவி அச்சகத்தை இழந்தார். அதற்காக நண்பரைக் குறை கூறவில்லை.

இங்கே ஒன்றை மறைப்பது முறையாகாது. நெய்யாற்றின் கரையில், அருவிப்புறத்தில், ஸ்ரீநாராயண குரு 1888இல் சிவப் பிரதிஷ்டை செய்தபோது பிள்ளைக்கு வயது ஒன்பது. அதே தாலுகாவின் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கப் போராடினார். ஆனால் பிள்ளையோ, அக்குழந்தைகள் பிறருடன் ஒன்றாக அமர்ந்து படிப்பதை எதிர்த்து 1910இல் எழுதினார். திவானிடம் அநீதியைக் கண்ட கண்களுக்குத் தம் அருகிலிருந்த அநீதி புலப்படவில்லை. அவரைப் போற்றும் நாம் இதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

நாடு கடத்தப்பட்ட பின்னரும் பேனா ஓயவில்லை. 1912இல் இதழியல் பற்றிய நூலையும், கார்ல் மார்க்ஸின் வரலாற்றையும் மலையாளத்தில் வெளியிட்டார். மார்க்ஸைப் பற்றி அம்மொழியில் வெளிவந்த முதல் நூல் அதுவே. இதற்கிடையே காசநோய் அவரை உருக்கியது. ஆசிரியையாகப் பணிபுரிந்த மனைவி கல்யாணி அம்மாவே குடும்பத்தைத் தாங்கினார். 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில், முப்பத்தெட்டு வயது நிறையும் முன்பே அவர் மறைந்தார். பையாம்பலம் கடற்கரையில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவே இல்லை.

வியாழன் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றி வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலமே நீடித்த இல்வாழ்வைக் கல்யாணி அம்மா 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்ற பெயரில் எழுதி வைத்தார்.